தலையணை: மாற்றமில்லை

மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். 5.15-க்கு மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம். 5.40-க்குப் பால் பாக்கெட் வந்தது. 6 மணிக்கு வீட்டைச் சுற்றி வந்து சன்னல்களைப் பார்த்தேன், ஏழும் மூடியிருந்தன. 6.20-க்கு எஸ்தர் விழித்தாள். தும்மல்: 31.

டைரியில் அந்தப் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. கீழே ஒரு பட்டியல். ‘பொழிச்சலூருக்கு’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். வீட்டு உடுப்பு ஆறு. துண்டு இரண்டு. பாடப் புத்தகங்கள் ஐந்து. கைக்குட்டை பதினான்கு. மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்று. நொச்சித் தலையணை ஒன்று. கடைசியில், மேலாக வைக்க வேண்டியவை: சீருடை இரண்டு.

எஸ்தர் என் மகள். அப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. அன்று காலை பதினொரு மணிக்குப் பொழிச்சலூரில் இருக்கும் என் தங்கை வந்து அவளை அழைத்துப்போவதாக ஏற்பாடு. பூக்காலம் முடியும்வரை, எப்படியும் இரண்டு மாதம், அவள் அத்தை வீட்டில்தான் இருப்பாள். மாமா தினமும் எங்கள் சேலையூர் வழியாகத்தான் வேலைக்குப் போகிறார், பள்ளியில் இறக்கிவிட்டுவிடுவார். எல்லாம் பேசி முடித்தாயிற்று.

எங்கள் வீட்டில் அவளால் ஒழுங்காக மூச்சுவிட முடியவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

போன வாரக் கட்டுரையைப் படித்த ஒரு வாசகர், “தொட்டி நிரம்பும் நிமிடத்தைக்கூடவா எழுதி வைப்பீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். ஆமாம், எழுதி வைப்பேன். என் பிழைப்பே அதுதான். அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுக்கும் சிறிய கூடம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை. தராசு பொய் சொல்கிறதா, வெப்பமானி பொய் சொல்கிறதா என்று பார்ப்பவன். அளவை எழுதி வைக்கிறவன் பொய் சொல்கிறானா என்று பார்க்க அங்கே கருவி எதுவும் இல்லை.

வாசலில் பொரி

கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மூன்றாவது தெருவில் எங்கள் வீடு. வாசலில் ஒரு புங்கமரம். வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் இலையெல்லாம் புதிதாகி, பிறகு பூக்கும். பூக்கும் என்பதைவிடக் கொட்டும் என்பதே சரி. காலையில் கதவைத் திறந்தால் யாரோ ஒரு மூட்டைப் பொரியை வாசலில் கவிழ்த்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். நிறுத்தியிருக்கும் வண்டிகளின் இருக்கைகள் எல்லாம் வெள்ளை.

முந்தின ஆண்டு அந்தப் பூக்காலத்தில்தான் எஸ்தருக்கு முதலில் வந்தது. கண் அரிப்பு, மூக்கு ஒழுகல், அடுக்குத் தும்மல். மருத்துவர் பார்த்துவிட்டு ஒவ்வாமை என்றார். மூக்கில் அடிக்க மருந்து கொடுத்தார். “தலையணை, பொம்மை, போர்வை எல்லாத்தையும் அடிக்கடி வெயில்ல போடுங்க சார்” என்றார். ஐந்து வாரத்தில் சரியாகிவிட்டது.

அடுத்த பூக்காலம் வருவதற்குள் தயாராகிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதுவும் மருந்துக்கடைச் சாமான் இல்லாமல், இயற்கையாக.

என் மனைவி கிரேஸ் சமையலறையைப் பார்த்துக்கொண்டாள். தூதுவளை ரசம் வாரம் இரண்டு நாள். இரவில் மஞ்சளும் மிளகும் போட்ட பால். கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து தேன் கலந்து ஒரு தேக்கரண்டி. எஸ்தர் ரசத்தைக் குடித்துவிடுவாள். கற்பூரவல்லிக்கு மட்டும் ஓட்டம்.

“அம்மா, இது பல்லி மாதிரி நாறுது.”

“பல்லிய நீ எப்படி மோந்து பாத்த?”

“பாக்கலைன்னாலும் தெரியும்.”

இவை எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினேன். எது எவ்வளவு பலன் தந்தது என்று கேட்டால், பால் குடித்த இரவுகளில் தொண்டை இதமாக இருந்தது என்று எஸ்தர் சொன்னாள். அதற்குமேல் சொல்ல என் டைரியில் ஆதாரம் இல்லை.

ஒரு கட்டு நொச்சி

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர் அஞ்சலை அக்கா. கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து, விடியற்காலைப் பேருந்தில் கூடையோடு வந்து இறங்குவார். ஐப்பசி மழையில் ஒருநாள் எஸ்தரின் சளியைப் பார்த்துவிட்டு, மறுநாள் மீன்கூடையோடு ஒரு கட்டு நொச்சித் தழையும் கொண்டுவந்தார்.

“இந்தா சாரு. பச்சையா கொதிக்க வெச்சி ஆவி புடிக்க வையி. பக்கத்துலயே குந்திக்கோ, கொயந்தை சுடுதண்ணிய கவுத்துக்கப் போவுது. ரெண்டு வாட்டி புடிச்சா போதும். அத்தோட கடாசிடு.”

ஆவி பிடித்தோம். மூக்கு திறந்துகொண்டது. ஆனால் கட்டில் பாதித் தழை மிச்சம். அதைக் கடாச எனக்கு மனம் வரவில்லை. நொச்சி இலையைக் காயவைத்துத் தலையணையில் அடைத்துப் படுத்தால் மூக்கடைப்பு வராது என்று எங்கோ ஒரு துணுக்கில் படித்திருந்தேன். இலையை நான்கு நாள் நிழலில் உலர்த்தினேன். மழைக்காலம்; மேலுக்குக் காய்ந்ததுபோல் இருந்தது. வெள்ளைப் பருத்தித் துணியில், நாற்பதுக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர் அளவில் உறை. இலை நானூற்று ஐம்பது கிராம். பிரிந்துவிடாமல் இருக்க நான்கு பக்கமும் இரட்டைத் தையல், என் கையாலேயே.

அந்தத் துணுக்கில் இலையை அடிக்கடி மாற்ற வேண்டும் என்றும் இருந்தது. நான் அதை டைரியில் குறிக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. தைத்து முடித்த பொருளின் அழகு கண்ணை மறைத்திருக்க வேண்டும்.

எஸ்தருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. “அப்பா செஞ்ச தலகாணி” என்று பெயர்.

தை பிறந்ததும் தும்மல் தொடங்கியது. புங்கமரத்தில் மொட்டுகூட இல்லை. ‘இந்த ஆண்டு முன்கூட்டியே’ என்று எழுதினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் எண்ணினேன். 12. 19. 23. எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு: ஒரு கருவியில் கோளாறு என்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும், மற்றவை அப்படியே இருக்க வேண்டும். அந்த விதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு வாரம் மின்விசிறியை நிறுத்தினேன். ஒரு வாரம் போர்வையை மாற்றினேன். ஒரு வாரம் பாலை நிறுத்தினேன். பொம்மைகளைக் கொடியில் காதைப் பிடித்துத் தொங்கவிட்டேன். கடைசியில் ஏழு சன்னல்களையும் மூடி, இடுக்குகளில் செய்தித்தாள் செருகினேன். ஒவ்வொரு நாளும் கடைசி வரி ஒன்றேதான்.

தலையணை: மாற்றமில்லை.

அது மருந்து. மருந்தை யாராவது சந்தேகப்படுவார்களா?

கண்ணாடிக்குக் கீழே

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும்.

மாசி மாதம் ஒரு நாள், வாசல் சன்னல் விளிம்பில் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். கருவிகளின் விளிம்பில் தேய்மானம் பார்க்க எங்களிடம் ஒரு நுண்ணோக்கி இருக்கிறது. மதிய உணவு வேளையில் நாடாவை அதன் கீழே வைத்தேன்.

சாலைப் புழுதி, நூல், எறும்பின் கால் ஒன்று. அவற்றுக்கு நடுவே உருண்டைகள். தேன் நிறம், உள்ளே விளக்கு எரிவது போன்ற மஞ்சள். சில வழவழப்பாக. சிலவற்றில் நீளவாக்கில் கோடுகள், தோல் உரித்த கமலா ஆரஞ்சுபோல. ஒன்றின் மேல் முழுக்க முட்கள், ஒவ்வொரு முள்ளும் ஒரே இடைவெளியில். இவ்வளவு ஒழுங்கை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. தினமும் நான் துடைத்து எறியும் தூசியில் இது இருக்கிறது. யாரும் பார்க்காவிட்டாலும் இருக்கிறது.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குழந்தையை அழவைக்கிற பொருள் இவ்வளவு அழகாக இருக்கக் கூடாது என்று ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே மரம்தான் காரணம் என்று முடிவும் கட்டிவிட்டேன்.

அந்த மாதத்திலேயே எஸ்தர் இரண்டு இரவு பொழிச்சலூரில் தங்கினாள். தங்கை தொலைபேசியில் எண்ணிக்கை சொன்னாள். முதல் காலை 4. இரண்டாம் காலை 2. வீட்டுக்கு வந்த மறுநாள் 26.

“பொழிச்சலூர்க் காற்று ஒத்துக்கொள்கிறது” என்று எழுதினேன். தலைக்கு மேலே விமானம் போகிற ஊர். இருந்தும் எழுதினேன்.

அங்கே அனுப்பிவிடலாம் என்ற பேச்சு அப்படித்தான் வந்தது. கிரேஸ் முதலில் சம்மதிக்கவில்லை. மூன்றாம் நாள், “மூச்சு முட்டி அவ கஷ்டப்படுறத பாக்கறதுக்கு அது பரவாயில்ல” என்றாள். எஸ்தர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நான் கம்மியா தும்முனா இங்கயே இருக்கலாமாப்பா?”

அதற்கு அடுத்த ஐந்து நாள் எண்ணிக்கை 15, 11, 9, 9, 8. கற்பூரவல்லி வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஆறாம் நாள் 28. பிறகு குறையவே இல்லை.

எட்டு மணி வெயில்

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பை தயாராகத் தொடங்கியது. பட்டியலை நான் படிக்க, எஸ்தர் எடுத்து வைத்தாள். சிவந்த கண், சிவந்த மூக்கு. தலையணையை வைத்ததும் பை மூடவில்லை. அவள் அதை வெளியே எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

“தலை கிளிப்ப காணோம்” என்று வெளிச்சத்துக்காகக் கிழக்குச் சன்னல் திரையை விலக்கினாள்.

கண்ணாடி மூடியிருந்தது. வெயில் மட்டும் உள்ளே வந்தது. இருட்டாகவே வைத்திருந்த அறையில் அது ஒரு பலகைபோலச் சாய்ந்து நின்றது. நான் முன்னறைக்குப் போய் இன்னொரு பை தேடிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, இங்க வாயேன். மெதுவா. மூச்சு விடாம வா.”

போய்ப் பார்த்தேன். எஸ்தர் தலையணைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்திருந்தாள். மெல்ல அழுத்தினாள். நான்கு பக்கத் தையல்களிலிருந்தும், ஒவ்வொரு ஊசித்துளையிலிருந்தும், ஒரு புகை எழுந்தது. அது வெயிலுக்குள் நுழைந்ததும் பொன்னாகிவிட்டது. ஆயிரமா, லட்சமா, எண்ண முடியாத துகள்கள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. மிதந்தன, சுழன்றன, அவள் முகத்தைச் சுற்றி மேலே போயின. கையை எடுத்தாள். தலையணை உப்பியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி புகை.

“இது மூச்சு விடுதுப்பா.”

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு உடனே ஒன்றும் புரியவில்லை. முதலில் வந்தது பிரமிப்புதான். ஐந்து மாதமாக அவள் கன்னத்துக்குக் கீழே இத்தனை பெரிய கூட்டம் குடியிருந்திருக்கிறது.

பிறகு அவள் தும்ம ஆரம்பித்தாள். பதினேழு வரை எண்ணினேன். அப்போது நானே தும்மிவிட்டேன். எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

சன்னல் மூடியிருந்தது. இடுக்கில் காகிதம் இருந்தது. வாசல் மரத்துக்கும் இந்தப் புகைக்கும் சம்பந்தமே இல்லை.

டைரியை எடுத்தேன். பொழிச்சலூர் போன இரண்டு நாளின் பக்கம். ‘எடுத்துப்போக மறந்தது: நொச்சித் தலையணை. அடுத்த முறை மறக்கக் கூடாது.’ என் கையெழுத்து. எழுதியது நான். ஆனால் அதுவரை நான் அதைப் படித்ததே இல்லை.

கிரேஸ் சமையலறையிலிருந்து வந்தாள். நான் வாய் திறக்குமுன் எஸ்தர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“இதுக்குள்ளதான் தும்முவேன்மா. அப்பா எண்ணுவாருல்ல. மூஞ்சிய நல்லா அமுத்திக்கிட்டு தும்முனா வெளிய கேக்காது.”

15, 11, 9, 9, 8. அந்த ஐந்து நாள்.

வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக என் மகள் அந்தத் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குக் காரணம் மரம் இல்லை. என் நோட்டுப் புத்தகம்.

தையல் பிரித்தது

வாசலில், புங்கம்பூவின் மேலே செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தேன். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டேன். இரட்டைத் தையல், பிரிக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. உள்ளே இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பாதி பொடி. மீதி சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பூஞ்சணம். ஈரத்துணியை மறந்துபோய் மடித்து வைத்தால் வருமே, அந்த வாடை. வெள்ளி நிறத்தில் ஏதோ பூச்சி ஒன்று ஓடியது.

அஞ்சலை அக்கா கூடையை இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இன்னா சாரு இது?”

“நீங்க குடுத்த நொச்சிதான் அக்கா.”

“நான் குடுத்ததா? எப்போ?”

“ஐப்பசியில.”

“அத்த இன்னும் வெச்சிகினா கீற? கொயந்தை தலைக்கா?” இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “வாங்குன மீன அஞ்சு மாசம் வெச்சிகினு இருப்பியா? நாறுதுன்னு தூக்கிப் போட்டுருவல்ல? எலயும் அப்பிடித்தான் சாரு. நான் கடாசிடுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்.”

“ஒரு வாட்டிதான் சொன்னீங்க” என்றாள் கிரேஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“இந்த மனுசனுக்கு ஒரு வாட்டி பத்தாதா? எல்லாத்தியும் எய்திக்கினு கீறாரே, இத்த எய்தலியா?”

எழுதவில்லை. அதைத்தான் எழுதவில்லை.

பொடியை நனைத்து, பையில் கட்டி, குப்பை வண்டியில் சேர்த்தோம். எஸ்தரின் அறையை ஈரத்துணியால் துடைத்தோம். மெத்தை, போர்வை எல்லாம் மொட்டைமாடி வெயிலுக்குப் போயின. ஏழு சன்னலையும் திறந்தேன். செருகிய செய்தித்தாளை உருவ உருவ ஒரு கூடை நிறைந்தது.

பதினொன்றுக்குத் தங்கை வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அப்ப நான் சும்மா வந்தேனா?” என்றாள்.

“சும்மா ஏன், மீன் இருக்கு, சாப்பிட்டுப் போ” என்றாள் கிரேஸ். பிறகு என்னைப் பார்த்தாள். “பைய பிரிக்க வேணாம். நாளைக்குக் காலையில பாப்போம். அப்புறம் முடிவு பண்ணலாம்.”

நியாயம்தான். ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறோம். அளந்து பார்க்காமல் சான்று கொடுக்க முடியாது. பை கட்டிய நிலையிலேயே கதவோரம் நின்றது. எஸ்தர் அன்று முழுவதும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள், தொடவில்லை.

அந்த வாரமே மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “பூவும் ஒரு காரணமா இருக்கலாம், இதுவும்தான். மருந்த நிறுத்தாதீங்க” என்றார். நிறுத்தவில்லை. இப்போதும் பூக்காலத்தில் எஸ்தருக்குச் சில வாரம் மூக்கு ஒழுகும். மருந்தை அடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். தூதுவளை ரசமும் உண்டு, பிடித்திருப்பதால். இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு துணுக்காகி, யாராவது பாதியைக் குறித்துக்கொண்டு பாதியை விட்டுவிடுவார்கள்.

மறுநாள்

திங்கட்கிழமை 5.10-க்கு விழிப்பு வந்தது. மோட்டார் போடவில்லை. பால் பாக்கெட்டை எடுக்கவில்லை. டைரியை மேசையிலேயே விட்டுவிட்டு, எஸ்தரின் கட்டிலருகே தரையில் போய் உட்கார்ந்தேன். திறந்த சன்னல் வழியே வந்த புங்கம்பூ ஒன்று அவள் போர்வைமேல் கிடந்தது. தலைக்கு, மடித்த துண்டு ஒன்று மட்டும். வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு மூக்கால் மூச்சு விட்டாள். சத்தமே இல்லாமல் உள்ளே போய் வெளியே வரும் காற்று. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு மணி நேரம் பார்த்திருப்பேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை.

வெளிச்சம் வந்ததும் கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். உடனே கையால் மூக்கைப் பொத்தினாள்.

“பொத்தாத. தும்மிக்கோ. எவ்வளவு வேணாலும் தும்மு.”

கையை எடுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் மூக்கு சுருங்கி, வாய் பாதி திறந்து, ஒரு விரலை உயர்த்திக்கொண்டு நாலாவதற்காகக் காத்திருந்தாள். நானும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தேன். கதவருகே கரண்டியோடு வந்து நின்ற கிரேஸும் காத்திருந்தாள்.

வரவில்லை.

“போயிடுச்சு” என்றாள் எஸ்தர், ஆச்சரியத்தோடு.

நான் எழுந்து கதவோரம் போய்ப் பையின் வாரை அவிழ்த்தேன். மேலாக இருந்தது சீருடை. ஒன்றை எடுத்து உதறி அவளிடம் கொடுத்தேன். பள்ளிக்குக் கிளம்ப வேண்டுமே.